இழை: சூடான பானத்துக்கும் காக்டெய்லுக்கும் ஒரே குவளை போதுமா? பெயர் பொறித்த குவளைகளை வாங்கலாமா?

பதிவு 1 | பிரிக்பீல்ட்ஸ்வாசி, கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். வருகிற மாதம் என் தங்கையின் திருமணப் பதிவு நடைபெறும் நாளன்று மாலை, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சிறிய விருந்து வைக்கிறோம். சுமார் 40 பேர் வருவார்கள். தங்கையின் அலுவலகத் தோழிகளில் பாதிப்பேர் மலாய்க்காரர்கள். எங்கள் உறவினர்களில் மூத்தவர்கள் பலர் மதுவைத் தொடாதவர்கள். மாப்பிள்ளையின் நண்பர்களோ காக்டெய்ல் இல்லாத விருந்தை விருந்தாகவே ஒப்புக்கொள்ளாதவர்கள். ஆகவே ஒரு பக்கம் இஞ்சித் தேநீர், கோப்பி, மைலோ ஆகியவற்றையும், மறுபக்கம் இரண்டு மூன்று காக்டெய்ல்களையும் வைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

பானங்களைவிடக் குவளைகளே எனக்குக் குழப்பத்தைத் தருகின்றன. கண்ணாடிப் பொருள் விற்கும் ஒருவர், 300 மில்லிலிட்டர் கொள்ளும் நேரான கண்ணாடிக் குவளை ஒன்றைக் காட்டி, "சூட்டுக்கும் இதுதான், குளிருக்கும் இதுதான், மணமக்கள் பெயரையும் தங்க நிறத்தில் அச்சிட்டுத் தருகிறேன்" என்கிறார். மதுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த நண்பர், பீர் நிறுவனங்களின் சின்னம் பதித்த குவளைகள் ஒரு பெட்டி நிறைய இருப்பதாகவும் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். தங்கைக்கோ ரோயல் சிலாங்கூர் நிறுவனத்தின் உலோகக் குவளைகளின்மீது ஆசை. எதை வாங்குவது, எதில் எதை ஊற்றுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். செய்முறைகளையும் தந்தால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.

பதிவு 2 | சோதனைக்குழாய், செராஸ்

முதலில் அந்த வியாபாரியின் பேச்சை எடுத்துக்கொள்வோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் குவளைகள் பெரும்பாலும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியால் ஆனவை. வெப்பநிலை ஒரு பாகை உயரும்போது இந்தக் கண்ணாடி தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு விரிகிறது. போரோசிலிகேட் கண்ணாடியோ 3.3 பங்குதான் விரிகிறது. கொதிக்கும் தேநீரை ஊற்றியவுடன் உட்சுவர் விரிந்துவிடுகிறது. வெளிச்சுவர் இன்னும் குளிர்ந்தே இருப்பதால் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அந்த இழுபறியில்தான் குவளை விரிசல் விடுகிறது. அடிப்பாகம் எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடும். கையில் எடுத்தால் கனமாக, விலை உயர்ந்ததுபோல் தெரியும் தடித்த அடிக் குவளைகளே கொதிநீருக்கு மிகவும் பொருந்தாதவை.

போரோசிலிகேட் கண்ணாடியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் ஓட்டோ ஷோட் உருவாக்கினார். அமெரிக்காவில் கார்னிங் நிறுவனம் 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்: இன்று அமெரிக்காவில் செய்யப்படும் பைரெக்ஸ் சமையல் பாத்திரங்கள் வலுவூட்டிய சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியால் ஆனவை, ஐரோப்பாவில் செய்யப்படுபவை போரோசிலிகேட். ஒரே பெயரில் இரண்டு வகைக் கண்ணாடி விற்கிறது என்பதால், அட்டைப்பெட்டியில் பொருளின் வகையும் எந்தச் சூடுவரை தாங்கும் என்பதும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சிடப்படவில்லை என்றால் அது குளிர்பானத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அச்சு. குவளையின்மீது பெயரோ படமோ பதிக்கும்போது, உதடு படும் இடத்திலிருந்து குறைந்தது 20 மில்லிமீட்டருக்குக் கீழே அது இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். பழைய அச்சுமைகளிலும் எனாமல் வண்ணங்களிலும் காரீயமும் காட்மியமும் இருந்திருக்கின்றன. 2010இல் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் கேலிச்சித்திரப் பாத்திரங்களின் உருவம் பதித்த ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் குவளைகளை, வண்ணத்தில் காட்மியம் இருந்த காரணத்தால் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், பெயர் தெரியாத அச்சுக்கூடத்தில் என்ன மை பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை. தங்க நிற விளிம்பு வைத்த குவளையை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவும் கூடாது.

பதிவு 3 | ஜாதிக்காய், ஜார்ஜ் டவுன்

வணக்கம் தம்பி. பினாங்கில் ஒரு விடுதியின் மதுக்கூடத்தில் நெடுங்காலம் பானம் கலந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் குவளையிலிருந்து தொடங்குகிறீர்கள். என்ன பானம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதன் அளவே குவளையைச் சொல்லிவிடும்.

கோலாலம்பூரில் விருந்து வைக்கிறீர்கள், எனவே ஜங்கிள் பேர்ட் இல்லாமல் இருக்கக்கூடாது. உலகெங்கும் மதுக்கூடங்களில் இன்று கலக்கப்படும் இந்தக் காக்டெய்ல், 1970களில் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் இருந்த ஹில்டன் விடுதியின் ஏவியரி மதுக்கூடத்தில் பிறந்தது. அங்கே பணியாற்றிய ஜெஃப்ரி ஓங் என்பவரே இதை உருவாக்கியவர். விடுதிக்கு வரும் விருந்தினர்களுக்கு வரவேற்புப் பானமாக, பறவை வடிவில் செய்த பீங்கான் பாத்திரத்தில் இதை வழங்கினார்களாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், கே.எல். சென்ட்ரலில் நிற்கும் ஹில்டன் வேறு. அந்தப் பழைய கட்டடம் இப்போது இல்லை. வந்தவரை வரவேற்கக் கொடுத்த பானம் என்பதால் உங்கள் தங்கையின் விருந்துக்கு இது மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பழைய அளவு இது: கருநிற ரம் 45 மில்லிலிட்டர், கம்பாரி 22, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, சர்க்கரைப் பாகு 15. கம்பாரி என்பது 1860இல் இத்தாலியில் தோன்றிய, சிவந்த நிறமுடைய கசப்பு மது. அந்தக் கசப்புதான் அன்னாசியின் இனிப்பைக் கட்டி நிறுத்துகிறது. அன்னாசியை வீட்டிலேயே அரைத்து வடிகட்டுங்கள். புதுச் சாற்றைப் பனிக்கட்டியோடு சேர்த்துக் குலுக்கும்போது எழும் நுரை, டின்னில் அடைத்த சாற்றில் அந்த அளவுக்கு எழுவதில்லை. மிக இனிப்பான பழமாக இருந்தால் பாகைப் பாதியாகக் குறையுங்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். மேலே சொன்னவற்றைக் கூட்டினால் 217 மில்லிலிட்டர் வருகிறது. குலுக்கும்போது பனி உருகிச் சேரும் நீர் ஏறத்தாழ 50. அதற்கு மேல் குவளையில் புதிய பனிக்கட்டி போட வேண்டும். அந்த வியாபாரி காட்டும் 300 மில்லிலிட்டர் குவளையில் பானம் அடங்கும், ஆனால் பனிக்கட்டிக்கு இடம் இருக்காது. நம் ஊர் வெப்பத்தில் பனிக்கட்டி போதாத காக்டெய்ல் சில நிமிடங்களில் வெதுவெதுப்பான அன்னாசிச் சாறாகிவிடும். 400 மில்லிலிட்டர் குவளை வாங்குங்கள். அல்லது இன்றைய மதுக்கூடங்கள் பல செய்வதுபோல அன்னாசிச் சாற்றை 45 மில்லிலிட்டராகக் குறைத்துவிட்டுக் குட்டையான, அகன்ற குவளையில் பெரிய பனிக்கட்டி ஒன்றைப் போட்டு ஊற்றுங்கள். இரண்டாவது முறையில் ரம்மின் வாசனை முன்னே நிற்கும். முதல் முறையோ, மாடியில் நின்றுகொண்டு மெதுவாகக் குடிக்க ஏற்றது. விருந்துக்கு முதலாவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

40 பேருக்குத் தனித்தனியாக அளந்துகொண்டிருந்தால் உங்களுக்கு விருந்தே இருக்காது. ரம், கம்பாரி, பாகு மூன்றையும் முந்தின நாளே ஒரு பாட்டிலில் கலந்து குளிர்பெட்டியில் வைத்துவிடலாம், கெடாது. அன்னாசியும் எலுமிச்சையும் அன்று பிற்பகல்தான் பிழியப்பட வேண்டும். எலுமிச்சைச் சாறு சில மணி நேரத்திலேயே தன் கூர்மையை இழந்துவிடும்.

பீர் சின்னம் பதித்த குவளைகளைப் பற்றி: அவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பீரின் நுரைக்கும் அளவுக்கும் ஏற்பச் செய்யப்பட்டவை. கின்னஸ் பைண்ட் குவளை 568 மில்லிலிட்டர் பிடிக்கும். அதில் காக்டெய்லை ஊற்றினால் பாதிக் குவளை வெறுமையாக நின்று, விருந்தளிப்பவர் கஞ்சத்தனம் செய்ததுபோல் தோன்றும். நிரப்பினாலோ குடிப்பவர் இரண்டு பேர் பங்கைக் குடித்துவிடுவார். இலவசம் என்பதற்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதிவு 4 | செத்தாப்பாக்காரன், கோலாலம்பூர்

தங்கையின் ஆசையைப் பற்றி நான் சொல்கிறேன். ரோயல் சிலாங்கூர் 1885இல் யோங் கூன் என்ற சீனக் கைவினைஞர் கோலாலம்பூரில் தொடங்கிய பட்டறை. முதலில் அவர் செய்தவை வீட்டு வழிபாட்டுக்கான ஊதுபத்திச் சட்டிகளும் அவற்றைப் போன்ற பொருள்களும்தான். பீர்க் குவளையும் மேசை அலங்காரப் பொருளும் ஆங்கிலேயர்களுக்காகப் பின்னால் வந்தவை. (பினாங்கின் ஈ அண்ட் ஓ விடுதியும் அதே 1885ஐத்தான் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொள்கிறது, ஜாதிக்காய் அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.) இங்கே செத்தாப்பாக்கில் இருக்கும் அவர்களின் காட்சியகத்தில் ஓர் ஆளைவிட உயரமான பீர்க் குவளை நிற்கிறது.

அந்தக் குவளைகளின் உலோகம் பியூட்டர்: 97 விழுக்காடு வெள்ளீயம், மீதி செம்பும் ஆன்டிமனியும். காரீயம் கிடையாது. நம் வீடுகளில் ரசம் வைக்கும், வெள்ளீயத்தால் செய்த ஈயச் சொம்பை நினைத்துக்கொண்டால் இதன் குணம் பிடிபட்டுவிடும்: சொம்பில் ரசம் இருக்கும்வரை அடுப்பில் கவலையில்லை, காலியாக வைத்தால் உருகி ஓடும். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகுவதே காரணம். கொதிக்கும் தேநீரால் குவளை உருகாது. ஆனால் உலோகம் வெப்பத்தை உடனே கடத்துவதால் உதட்டைச் சுடும். அதனால் பியூட்டரில் சூடான பானம் வேண்டாம்.

குளிர்பானத்துக்கு அது சிறந்தது என்று சொல்வதைப் பாதி மட்டுமே ஏற்றுக்கொள்கிறேன். வெள்ளீயம் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், ஊற்றிய நொடியிலேயே குவளை சில்லிட்டுக் கைக்கும் உதட்டுக்கும் இதமாக இருக்கும். அதே காரணத்தால் கையின் சூடும் காற்றின் சூடும் உள்ளே விரைந்து போகும். சில்லிப்பை உணர்த்துவது வேறு, அதைக் காப்பது வேறு. மணமக்களுக்கு மட்டும் பெயர் செதுக்கிய இரண்டு குவளை வாங்கிக் கொடுங்கள். செதுக்கிய எழுத்து அச்சைப்போல உரியாது. 40 வாங்க வேண்டாம், அதைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போட வேண்டாம்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் யாராவது செப்புக் குவளையில் மாஸ்கோ மியூல் என்ற வோட்கா காக்டெய்லைக் கேட்டால், உட்புறம் துருப்பிடிக்காத எஃகோ நிக்கலோ பூசியதாக இருந்தால் மட்டும் கொடுங்கள். எலுமிச்சை கலந்த பானத்தின் புளிப்பு வெறும் செம்பைக் கரைத்துக்கொண்டு வரும்.

பதிவு 5 | தோட்டத்துப்பிள்ளை, செந்தூல்

இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். யாரையும் புண்படுத்த எண்ணமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த நாட்டில் நம்மவர்களுக்கு மது என்பது விடுதி மேசையில் தொடங்கிய கதையன்று. பால்மரத் (ரப்பர்) தோட்டங்களில் கூலி கொடுத்த கையாலேயே கள்ளுக்கடையையும் திறந்து வைத்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன்னால் நின்று மறியல் செய்தது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறோம். உங்கள் விருந்துக்கு வரும் மூத்தவர்களில் சிலரும் அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம்.

மது வைக்காதே என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் தேநீர் கேட்டு வரும் பெரியவர், காக்டெய்ல் மேசையைத் தாண்டித்தான் அதைப் பெற வேண்டும் என்ற நிலையை ஏற்படுத்தாதீர்கள். தேநீர்க் குவளையில் பீர் நிறுவனத்தின் பெயர் இருக்கவும் வேண்டாம். அந்தக் குவளையைக் கையில் பிடித்தபடி எடுக்கப்படும் ஒரு புகைப்படம் மறுநாள் குடும்பக் குழுவில் என்ன பாடு படும் என்பது உங்களுக்கே தெரியும்.

பதிவு 6 | சூலியாவீதி, பினாங்கு

ஐயா சொன்னதோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். நாங்கள் தமிழ் முஸ்லிம் குடும்பம். தலைமுறையாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். தம்பி, உங்கள் தங்கையின் மலாய்த் தோழிகளை எண்ணிப் பாருங்கள். மது ஊற்றிய குவளையைக் கழுவித்தான் தேநீர் கொடுத்தோம் என்று நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவர்களும் கேட்க மாட்டார்கள், குடிக்காமல் புன்னகைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு வகைக் குவளைகளும் பார்த்த மாத்திரத்திலேயே வேறு வேறு என்று தெரிய வேண்டும். மதுவுக்குக் கண்ணாடி, மற்றதற்குப் பீங்கான் என்று வைத்துவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கழுவும் இடத்தையும் தனியாக வையுங்கள். தேநீர் மேசைக்கு அவர்களில் ஒருவருக்குத் தெரிந்த கடையிலிருந்தே ஆள் வரவழைத்தால் இன்னும் நிம்மதியாகக் குடிப்பார்கள்.

பெயர் பொறித்த குவளை என்றால் பீர்க் குவளை மட்டுமில்லை. மூன்று-ஒன்று (3-in-1) பானத்தூள் பொட்டலங்களோடு இலவசமாக வந்த சிவப்பு நெஸ்கஃபே மக்கும் பச்சை மைலோ மக்கும் இல்லாத வீடு இந்த நாட்டில் இருக்கிறதா? மைலோ 1934இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த பானம் என்று சொன்னால் இங்கே நம்ப மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவுக்கு அது நம்முடையதாகிவிட்டது. உங்கள் உறவினர் வீடுகளில் கேட்டால் ஒரே மாலையில் 20 மைலோ மக் சேரும். பார்ப்பதற்கும் கலகலப்பாக இருக்கும், யார் மனமும் கோணாது. இல்லாவிட்டால் கோப்பிக் கடைகளில் பார்த்திருப்பீர்களே, பச்சைப் பூ அச்சிட்ட தடித்த வெள்ளைப் பீங்கான் கோப்பையும் தட்டும், அவற்றை வாங்குங்கள். தடித்த பீங்கான் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். இன்னொரு செய்தி: அந்தக் காலத்தில் கோப்பியைக் கடையிலிருந்து கட்டிக்கொண்டு போக, காலியான கெட்டிப்பால் டின்னில் துளை போட்டுக் கயிறு கட்டித்தான் கொடுத்தார்கள். பால் நிறுவனத்தின் படத்தோடு தெருவெல்லாம் தொங்கிக்கொண்டு போன அந்த டின்தான் நம் மக்களின் முதல் பெயர் பொறித்த குவளை என்பேன்.

இனித் தேநீர். தே தாரேக் என்னும் ஆற்றிய பால்தேநீரை 40 பேருக்கும் ஆற்றிக் கொடுக்க ஓர் ஆள் தனியாக வேண்டும். தூள்தேயிலையைத் துணிப்பையில் போட்டுக் கெட்டியாகச் சாறு இறக்கி, அதைச் சூடாகவே வைத்திருங்கள். குவளைக்கு ஒன்றரைக் கரண்டி கெட்டிப்பால் போட்டு, அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை தூக்கி நான்கைந்து முறை ஆற்றினால் நுரை நிற்கும். சோதனைக்குழாய் எழுதியதைப் படித்தபோது எங்கள் கடைக் கண்ணாடி மக் ஏன் உடைவதில்லை என்று யோசித்தேன். ஆற்றும்போதே தேநீர் பாதிச் சூட்டை இழந்துவிடுகிறது, மக்கையும் வெந்நீரில் அலசித்தான் எடுக்கிறோம். ஆற்றாமல் கொடுக்கும், பால் சேர்க்காத தே ஓ, இஞ்சித் தேநீர் இரண்டுக்கும் பீங்கான்தான் பாதுகாப்பு.

பதிவு 7 | பிரிக்பீல்ட்ஸ்வாசி, கோலாலம்பூர்

அனைவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி தேநீர் மேசையை மாடிப்படியை ஒட்டியும், காக்டெய்ல் மேசையை எதிர் மூலையிலும் வைக்க முடிவு செய்துவிட்டேன். பீர்க் குவளைகளை வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன், பீங்கான் வாங்கப்போகிறேன்.

இன்னும் சில ஐயங்கள். மாப்பிள்ளைக்கு ஐரிஷ் கோப்பி மிகவும் பிடிக்கும். அதை நம் கோப்பித்தூளில் செய்யலாமா? தே தாரேக்கில் ரம் ஊற்றி, எலுமிச்சையும் பிழிந்து ஒரு புதுமைப் பானம் செய்யலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொல்கிறார், அது சரிவருமா? மது தொடாதவர்களுக்கும் ஜங்கிள் பேர்ட் போன்ற ஒன்றைக் கொடுக்க வழி உண்டா?

பதிவு 8 | ஜாதிக்காய், ஜார்ஜ் டவுன்

நண்பரின் யோசனையை அப்படியே விட்டுவிடுங்கள். தே தாரேக்கும் ரம்மும் பொருந்தும். எலுமிச்சை சேர்ந்தவுடன் பால் திரிந்துவிடும். பாலின் கேசின் புரதம் அமிலத்தன்மை பி.எச். 4.6 அளவை நெருங்கும்போது கட்டியாகிப் பிரிகிறது. எலுமிச்சை அதைவிடப் பலமடங்கு புளிப்பு. வேண்டுமென்றே திரியவைத்துத் துணியில் வடிகட்டி, கண்ணாடிபோலத் தெளிந்த பால் பஞ்ச் செய்யும் முறையும் உண்டு. மதுவும் தேநீரும் எலுமிச்சையும் கலந்ததைப் பாலுக்குள் ஊற்றி, ஓர் இரவு வைத்து, மெதுவாக வடிய விட வேண்டும். 18ஆம் நூற்றாண்டிலிருந்தே வழக்கத்தில் இருக்கும் அழகான பானம்தான். ஆனால் குளிராகத்தான் குடிக்க வேண்டும். திருமண வீட்டில் அதற்குப் பொறுமை யாருக்கு இருக்கிறது?

ஐரிஷ் கோப்பியை நம் தூளில் தாராளமாகச் செய்யலாம், ஒரு திருத்தத்தோடு. நம் கோப்பிக் கொட்டை பெரும்பாலும் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கப்படுவதால் கருமையும் கசப்பும் கூடுதல். கடையில் குடிக்கும் கெட்டியில் இறக்கினால் விஸ்கி எங்கே போனது என்றே தெரியாது. கொஞ்சம் இளக்கமாக இறக்குங்கள். 220 மில்லிலிட்டர் பிடிக்கும், கைப்பிடியும் சிறு காலும் உள்ள சூடு தாங்கும் கண்ணாடிக் குவளையை வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். இரண்டு தேக்கரண்டி குலா மெலாக்கா (தென்னை வெல்லம்), 120 மில்லிலிட்டர் சூடான கோப்பி, கரையும்வரை கலக்குங்கள். அதன்பிறகுதான் 40 மில்லிலிட்டர் விஸ்கி. எரிசாராயம் 78 பாகையிலேயே கொதிக்கும் என்பதால், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஆவி மூக்கில் ஏறி, மணம் முழுவதும் காற்றில் போய்விடும். கோப்பி 70 பாகைக்குக் கீழே இறங்கியிருந்தால் போதும். பொதுவாகவே 65 பாகைக்கு மேற்பட்ட பானத்தைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. எனவே பொறுத்துக் கொடுப்பது எல்லா வகையிலும் நல்லதே.

மேலே மிதக்கும் பாலேட்டுக்கு 35 விழுக்காடு கொழுப்புள்ள குளிர்ந்த கிரீம் வேண்டும். ஊற்றினால் மெதுவாக வழியும் பதத்துக்கு மட்டும் அடித்து, கரண்டியின் முதுகுப்பக்கமாக ஊற்றுங்கள். கோப்பியில் சர்க்கரை கரைந்திருந்தால்தான் அதன் அடர்த்தி கூடிக் கிரீம் மிதக்கும்; "சர்க்கரை வேண்டாம்" என்பவருக்கு இந்தப் பானம் அமைவது கடினம். தேங்காய்ப் பாலை மிதக்க வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். சூட்டில் எண்ணெய் பிரிந்து புள்ளி புள்ளியாக நிற்கும், பார்வைக்கு நன்றாயிராது.

மது தொடாதவர்களுக்கு: ஜங்கிள் பேர்டில் கம்பாரி செய்யும் வேலையைத் தேநீரின் துவர்ப்பால் ஓரளவு செய்ய முடியும். பால் சேர்க்காத கெட்டித் தே ஓவை இறக்கி, நன்றாகக் குளிரவைத்து, 60 மில்லிலிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அன்னாசிச் சாறு 120, எலுமிச்சை 15, குலா மெலாக்காப் பாகு 15. பனியோடு குலுக்கினால் அதே நுரையும் நல்ல செம்பழுப்பு நிறமும் கிடைக்கும். இதை மதுக் குவளையின் வடிவத்தில் கொடுக்க வேண்டாம். யார் கையில் எது இருக்கிறது என்று குழம்பும். உயரமான எஃகு டம்ளரில் ஊற்றுங்கள், நம் வீட்டில் எப்படியும் டஜன் கணக்கில் இருக்கும். இதனோடு எங்கள் ஊர் அம்பரா அசாம்பொய்ச் சாற்றையும் (அம்பரா பழத்தோடு உப்பிட்டு உலர்த்திய பிளம் சேர்த்தது) ஒரு பெரிய சாடியில் வைத்துவிட்டால் குழந்தைகள் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஜாதிக்காய்ச் சாறும் வைக்கலாம். என் பெயரைப் பார்த்துவிட்டு நான் பரிந்துரைப்பதாக நினைக்க வேண்டாம்.

மதுவை யாராவது இளைஞரிடம் வாங்கி வரச் சொல்வதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 18இலிருந்து 21 ஆகிவிட்டது. காக்டெய்ல் மேசையில் பரிமாறுபவரும் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பதிவு 9 | சோதனைக்குழாய், செராஸ்

அக்காவின் செய்முறைக்கு ஒரு சிறு பின்குறிப்பு. ஐரிஷ் கோப்பி குடித்து முடித்த குவளையை உடனே பனிக்கட்டித் தொட்டிக்குப் பக்கத்திலோ குளிர்ந்த நீரிலோ வைக்கச் சொல்லாதீர்கள். சூட்டிலிருந்து குளிருக்குத் திடீரென்று மாறுவது கண்ணாடிக்கு இன்னும் கெடுதல். மேலும், வீட்டில் பழைய படிகக் கண்ணாடிச் சாடி இருக்கிறது, ரம் கலவையை அதில் ஊற்றி வைக்கலாம் என்று யாராவது கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள். ஈயப் படிகக் கண்ணாடியில் 24 விழுக்காடும் அதற்கு மேலும் காரீய ஆக்சைடு இருக்கும். பரிமாறும் நேரத்துக்குப் பாதகமில்லை, ஓர் இரவு முழுவதும் மதுவை அதில் ஊறவைப்பது சரியன்று. சாதாரணக் கண்ணாடிப் பாட்டிலே போதும்.

பதிவு 10 | தோட்டத்துப்பிள்ளை, செந்தூல்

தே ஓவில் செய்யும் பறவையை நான் குடித்துப் பார்ப்பேன். மைலோ மக் குறைந்தால் என் வீட்டில் ஆறு இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வரும்போது கொடுத்துவிட்டுப் போகிறேன்.

பதிவு 11 | பிரிக்பீல்ட்ஸ்வாசி, கோலாலம்பூர்

ஐயா, மக்கோடு நீங்களும் விருந்துக்கு வர வேண்டும். தங்கை இரண்டு பியூட்டர் குவளைக்குச் சம்மதித்துவிட்டாள். காக்டெய்லுக்கு 400 மில்லிலிட்டர் குவளைகளை எந்த அச்சும் இல்லாமல் வாங்குகிறோம். மணமக்கள் பெயரைக் குவளையின் கீழே வைக்கும் அட்டையில் அச்சிட்டுக்கொள்வோம் என்று மாப்பிள்ளை சொன்னார், செலவும் குறைவு. கடைசியாக ஒன்று: பனிக்கட்டி எவ்வளவு வாங்க வேண்டும்?

பதிவு 12 | ஜாதிக்காய், ஜார்ஜ் டவுன்

ஆளுக்கு ஒரு கிலோ என்று கணக்கிடுங்கள். மொட்டை மாடி என்பதால் அதற்குமேல் ஐந்தாறு கிலோ கூடுதலாக இருக்கட்டும். குலுக்குவதற்கு ஒரு பெட்டி, குவளையில் போடுவதற்கு ஒரு பெட்டி, மது இல்லாத மேசைக்கு மூன்றாவது பெட்டி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அள்ளுகரண்டி வையுங்கள். கண்ணாடிக் குவளையால் பனியை அள்ள யாரையும் விடாதீர்கள். விளிம்பு சிதறினால் பனிக்குள் கண்ணாடித் துண்டு இருப்பது கண்ணுக்குத் தெரியாது, பெட்டி முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். பனிக்கட்டி விற்பவரை மாலை 5 மணிக்கு முன்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.